ஒரு கிராமம், பல எல்லைகள்: சிற்றூரின் மக்கள்தொகையை எப்படிப் படிப்பது

ஒரு சின்னக் கிராமத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த ஊரிலேயே நான்கு பதில்கள் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஒன்று சொல்வார். ஊராட்சிச் செயலர் வேறொன்று சொல்வார். அங்கன்வாடிப் பதிவேட்டில் இன்னொரு எண் இருக்கும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் தாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார். நான்குமே சரியாக இருக்கலாம். ஒவ்வொருவரும் வேறு வேறு எல்லைக்குள் தலை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த எல்லைக்குள், எந்த நாளில், யார் எண்ணியது என்ற மூன்றும் தெரியாமல் கிராம மக்கள்தொகை என்று எழுதப்படும் எண்ணை நம்பி ஒரு மனுகூட எழுதக் கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களை வைத்து இதைப் பார்ப்போம்.

நிலத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வரிசை

கிராமத்தின் மேல் இரண்டு நிர்வாக வரிசைகள் ஒன்றையொன்று சரியாக ஒட்டாமல் படிந்திருக்கின்றன.

முதலாவது வருவாய்த் துறையின் வரிசை. மாவட்ட ஆட்சியர், அவருக்குக் கீழே கோட்டாட்சியர், வட்டத்துக்கு வட்டாட்சியர், குறுவட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர், கடைசியில் வருவாய் கிராமத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர். குறுவட்டத்தைப் பிர்கா என்றுதான் பேச்சில் சொல்கிறோம், கிராம நிர்வாக அலுவலரை விஏஓ என்கிறோம். அவருக்கு உதவியாகக் கிராம உதவியாளர் இருப்பார், பழைய பேச்சில் தலையாரி. 1980 நவம்பர் வரை கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரைப் பொறுப்பில் இருந்தவர்கள் பார்த்த வேலை இது. அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகுதான் தேர்வெழுதி வரும் விஏஓ பதவி வந்தது. சின்ன வருவாய் கிராமங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே விஏஓவிடம் கொடுத்திருப்பதும் உண்டு. அதனால் விஏஓ ஒருவர், ஆகவே கிராமமும் ஒன்று என்று முடிவுகட்டிவிட முடியாது.

இந்த வரிசை நிலத்தை மையமாக வைத்தது. நிலத் துண்டுக்கு அரசு தரும் புல எண் (சர்வே நம்பர்) ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வருவாய் கிராமத்துக்குள்தான் இருக்கும். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம், கிராம வரைபடம் என்ற நில ஆவணங்கள் எல்லாம் அந்த எல்லைப்படிதான். கணக்கு ஆண்டும் தனி. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். பழைய அடங்கலில் ஆண்டைத் தவறாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஜூலைக் கணக்கில்தான் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது ஊரக வளர்ச்சித் துறையின் வரிசை. மாவட்டத்துக்குக் கீழே ஊராட்சி ஒன்றியம், அதற்குக் கீழே ஊராட்சி, ஊராட்சிக்குள் குக்கிராமங்கள். தேர்தலுக்காக வார்டுகள். ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சியில் தலைவரும் உறுப்பினர்களும் செயலரும். 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதற்கு அடித்தளம். இது குடியிருப்பை மையமாக வைத்தது. குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வீட்டு வரி, கிராம சபை எல்லாம் இந்தப் பக்கம்.

வட்டமும் ஒன்றியமும் ஒரே பெயரில் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பரப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஒன்றியத்தின் சில ஊராட்சிகள் பக்கத்து வட்டத்தில் விழும். அங்கே குடியிருப்பவர் சாதிச் சான்றுக்கு ஒரு டவுனுக்கும் வீட்டு வசதித் திட்டத்துக்கு இன்னொரு டவுனுக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்தாலே பொருந்தாமை தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15,979 கிராமங்கள். ஊராட்சிகளோ சுமார் 12,500. குக்கிராமங்கள் 79 ஆயிரத்துக்கும் மேல். ஒன்றுக்கொன்று நேர் என்ற உறவு இந்த மூன்றுக்கும் இருக்கவே முடியாது.

நடைமுறையில் எல்லா வகையும் உண்டு. ஒரு வருவாய் கிராமம் முழுவதும் ஒரே ஊராட்சியாக இருப்பது எளிய வகை. இரண்டு மூன்று சிறு வருவாய் கிராமங்கள் சேர்ந்து ஓர் ஊராட்சியாக இருக்கும், காவிரிப் படுகையில் இதை அதிகம் பார்க்கலாம். மேற்கே கொங்குப் பக்கம் பரந்த வருவாய் கிராமங்களும் அவற்றுக்குள் சிதறிக் கிடக்கும் பத்துப் பதினைந்து குடியிருப்புகளும் சாதாரணம். அங்கே ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளாகப் பிரிந்திருப்பதும் உண்டு. கடைசி வகைதான் மிகுந்த சிக்கல் தருவது: வருவாய் கிராமத்தின் ஒரு பகுதி பேரூராட்சிக்குள் போயிருக்கும், மீதி ஊராட்சியாக நிற்கும். கணக்கெடுப்புப் பட்டியலில் அந்த மீதிப் பகுதி மட்டும் கிராமமாக வரும், பெயருக்குப் பக்கத்தில் ‘பகுதி’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் 2001, 2011 எண்களை ஒப்பிட்டு, ஊரில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. யாரும் வெளியேறவில்லை. கோடுதான் நகர்ந்தது.

மக்களே இல்லாத கிராமங்களும் பட்டியலில் இருக்கின்றன. முழுக்க வயலாகவோ ஏரியாகவோ இருக்கும் வருவாய் கிராமத்தில் மக்கள்தொகை பூஜ்யம். அதை அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, வீடு மட்டும் இல்லை.

கணக்கெடுப்பு எந்தக் கிராமத்தை எண்ணுகிறது

நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமம் என்று எடுத்துக்கொள்வது வருவாய் கிராமத்தை. குக்கிராமங்களின் பெயர் கள ஏட்டில் இருக்கும், வெளியாகும் அட்டவணையில் இருக்காது. ‘எங்கள் ஊர் சென்சஸில் இல்லை’ என்று சொல்பவரின் ஊர் பெரும்பாலும் ஒரு குக்கிராமம். அதன் தாய்க் கிராமத்தின் பெயரில் தேடினால் கிடைக்கும், ஆனால் தனி எண்ணாகக் கிடைக்காது. குடியிருப்பு வாரியான எண் வேண்டுமென்றால் ஊரக வளர்ச்சித் துறையின் குடியிருப்புப் பட்டியலுக்கும் அங்கன்வாடிப் பதிவேட்டுக்கும்தான் போக வேண்டும். அவை வேறு நாளில், வேறு முறையில் எடுக்கப்பட்டவை என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு போக வேண்டும்.

2011-ல் எண்ணிய விதம் இது. வீட்டுப் பட்டியல் 2010 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் எடுக்கப்பட்டது. தலையெண்ணும் பணி 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. வீடற்றவர்களை பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி போய், இடையில் நடந்த பிறப்பு இறப்புகளைச் சேர்த்துத் திருத்தினார்கள். குறிப்பு நேரம் மார்ச் 1 தொடங்கும் நள்ளிரவு. அதாவது அன்று அந்த நேரத்தில் உயிரோடு இருந்தவர்களின் கணக்கு. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஏறத்தாழ 120 முதல் 150 குடும்பம், அறுநூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு பிளாக். சின்னக் கிராமம் என்றால் முழு ஊரும் ஒரே ஆளின் கையில். கணக்கெடுப்பாளராக வரும் அந்த ஓர் ஆசிரியரின் உழைப்பும் கவனமும்தான் அடுத்த பத்தாண்டுக்கு அந்த ஊரின் கணக்கு.

பிப்ரவரி என்பதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. வழக்கமாக ஊரில் இருப்பவர், அந்த இருபது நாளில் ஒரு நாளாவது ஊரில் இருந்தால் அங்கே எண்ணப்படுவார். முழுக் காலமும் வெளியில் இருந்தால் இருந்த இடத்தில் எண்ணப்படுவார். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்புகிற ஊர்களில், வீடு பூட்டியிருக்கும் காலமும் எண்ணுகிற காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சூளை இருக்கும் ஊரில் எண்ணிக்கை ஏறும், கிளம்பிய ஊரில் இறங்கும். இத்தகைய ஊர்களின் எண்ணை வைத்துப் பேசும்போது இதைச் சொல்லாமல் பேசுவது நியாயமாகாது.

குடும்பம் என்ற கணக்கும் தனி. கணக்கெடுப்பில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். குடும்ப அட்டைக் கணக்கு அப்படியில்லை. கல்யாணமான மகன் தனி அட்டை வாங்கியிருப்பான், சாப்பாடு அம்மா வீட்டில்தான். அதனால் அட்டை எண்ணிக்கை அநேகமாக எப்போதும் கூடுதலாக இருக்கும். அட்டைகளைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி மக்கள்தொகை கண்டுபிடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

ஒரு பக்கத்தை எடுத்துப் படிப்போம்

கிராமத்துக்குக் கிராமம் வெளியாகும் அட்டவணையில் குடும்பங்கள், ஆண், பெண், 6 வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றவர்கள், பணியாளர் வகைகள் என்று வரிசையாக எண்கள் வரும். விழுக்காடு பெரும்பாலும் நாமேதான் போட வேண்டும். அங்கேதான் தவறு நுழைகிறது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கிராமத்தை வைத்துக்கொள்வோம்: 212 குடும்பம், 784 பேர், ஆண் 396, பெண் 388. ஆறு வயது வரை 76 குழந்தைகள், அதில் பையன்கள் 41, பெண் குழந்தைகள் 35. எழுத்தறிவு பெற்றோர் 489, அதில் ஆண் 278, பெண் 211. பரப்பு 412 ஹெக்டேர்.

எழுத்தறிவு விகிதத்தை 489-ஐ 784-ஆல் வகுத்து 62.4% என்று எழுதுவது வழக்கமான பிழை. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத்தான் எழுத்தறிவுக்குக் கணக்கில் எடுப்பார்கள். 784-லிருந்து 76-ஐக் கழித்தால் 708. 489-ஐ 708-ஆல் வகுத்தால் 69.1%. ஏழு புள்ளி வித்தியாசம். மாநிலத்தின் 80.09% என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டியது இந்த 69.1-ஐத்தான். ஆண்களுக்கு 278-ஐ 355-ஆல் வகுத்தால் 78.3%, பெண்களுக்கு 211-ஐ 353-ஆல் வகுத்தால் 59.8%. ஊரின் உண்மையான செய்தி இந்தப் பதினெட்டுப் புள்ளி இடைவெளியில் இருக்கிறது. மொத்த விகிதத்தை மட்டும் எழுதினால் அது மறைந்துபோகும்.

பாலின விகிதம் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்பது. 388-ஐ 396-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 980. மாநில எண் 996, ஆகவே பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைகளுக்கு 35-ஐ 41-ஆல் வகுத்தால் 854. மாநிலத்தில் அது 943. உடனே இந்த ஊரில் பெண் சிசுவுக்கு ஆபத்து என்று தலைப்புப் போடத் தோன்றும். பொறுக்க வேண்டும். இன்னும் மூன்றே மூன்று பெண் குழந்தைகள் பிறந்திருந்தால் 38-க்கு 41, விகிதம் 927 ஆகியிருக்கும். எழுபது எண்பது குழந்தைகள் உள்ள ஊரில் இரண்டு மூன்று பிறப்புகள் விகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடும். சிற்றூருக்குக் குழந்தைப் பாலின விகிதம் எழுதினால் பக்கத்திலேயே மூல எண்ணையும் எழுத வேண்டும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் அந்தக் குறுவட்டத்தின் எல்லாக் கிராமங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் 850-க்குப் பக்கத்தில் நின்றால் அது கவலைப்பட வேண்டிய எண்தான், ஒளிக்கவும் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெரியவர்களின் பாலின விகிதம் திடீரென்று 700-க்கோ 1,400-க்கோ போனால் முதலில் அந்த எல்லைக்குள் விடுதி, மில் குடியிருப்பு, பயிற்சிப் பள்ளி, குவாரி முகாம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூற்பாலை விடுதியில் தங்கியிருக்கும் இருநூறு பெண்கள் அறுநூறு பேர் ஊரின் முகத்தையே மாற்றிவிடுவார்கள்.

பணியாளர் பகுதி இன்னும் நுணுக்கமானது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைப் பணியாளர். அதற்குக் குறைந்தால் குறுங்காலப் பணியாளர். வேறு வேலை எதுவும் கிடைக்காமல் நூறு நாள் வேலைக்கு மட்டும் போன பெண், நூறு நாளும் முழுசாகக் கிடைத்திருந்தாலும்கூட, இரண்டாவது வகையில்தான் வருவார். ஒரு கிராமத்தில் குறுங்காலப் பணியாளர் விகிதம் அதிகமாக இருந்தால் சோம்பேறித்தனம் என்று யாரும் படித்துவிடக் கூடாது. மானாவாரி நிலம், ஒரு போகம், மீதிக் காலம் வேலையின்மை என்பதுதான் அதன் பொருள். அடுத்து, சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற பணியாளர் என்ற நான்கு வகை. குத்தகைக்கு எடுத்து உழுகிறவரும் சாகுபடியாளர்தான், பட்டா அவர் பெயரில் இருக்கத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளி பிற பணியாளரில் போய்விடுவார். வால்பாறைப் பக்கத்து எண்களைப் பார்த்து அங்கே விவசாயம் சார்ந்த வேலையே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த விதியை அறியாதவர்கள்.

அடர்த்திக்கு ஹெக்டேரைச் சதுர கிலோமீட்டராக்க நூறால் வகுக்க வேண்டும். 412 ஹெக்டேர் என்பது 4.12 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 190. இங்கே கணக்கில் வரும் பரப்பு முழு வருவாய் கிராமத்துடையது: ஏரி, புறம்போக்கு, கரடு எல்லாம் சேர்த்து. வீடுகள் இருக்கும் நத்தம் அதில் சிறு துண்டு. அதனால் அடர்த்தி குறைவாக இருப்பதால் தெருக்களில் இடம் தாராளமாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. நத்தத்துக்குள் நெருக்கம் நகரத்தைத் தோற்கடிக்கும்.

எண் எங்கே போய் முடிகிறது

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். ஊருக்கு வரும் பல விஷயங்கள் இந்த எண்ணில் தொங்குகின்றன.

கிராம சபையை எடுத்துக்கொள்வோம். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் (கோரம்), 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 510 பேர் கொண்ட ஊராட்சியில் நூறு பேர் உட்கார வேண்டும், 2,900 பேர் கொண்ட ஊராட்சியிலும் அதே நூறு பேர் போதும். ஐந்தில் ஒருவர் ஒரு பக்கம், இருபத்தொன்பதில் ஒருவர் இன்னொரு பக்கம். சிறிய ஊராட்சிகளில் வருகைப் பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் இப்போது சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்.

ஊராட்சித் தலைவர், உறுப்பினர் பதவிகளில் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீடு கணக்கெடுப்பின் விகிதப்படி போகிறது. பெண்களுக்கு 50%. நிதிக் குழுப் பங்கிலும் மக்கள்தொகை முக்கிய அளவுகோல். எண் குறைந்தால் பங்கு குறையும், ஆனால் தொட்டி மோட்டாரின் மின் கட்டணம் குறையாது. அதனால்தான் சிறிய ஊராட்சிகளுக்கு மாநில நிதிப் பகிர்வில் அடிப்படைத் தொகை ஒன்றை உறுதி செய்ய வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் பல ஊராட்சிகளில் தெருவிளக்குக்கூட எரியாது.

சாலையில் குடியிருப்புதான் அலகு. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் முதலில் 2001 கணக்கெடுப்பை வைத்து, சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப் பகுதியில் 250 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளை எடுத்தது. நான்காம் கட்டத்துக்கு 2011 எண் அடிப்படை. 470 பேர் கொண்ட ஒரு குக்கிராமம் தன் வடக்குத் தெருவைத் தனிக் குடியிருப்பாகப் பட்டியலில் எழுதவைத்துவிட்டால் அது பெருமையில்லை, நஷ்டம். இரண்டும் வரம்புக்கு இன்னும் கீழே போய்விடும். மறுபக்கம், அங்கன்வாடிக்கு 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 வரை குறு மையம் என்ற அளவு இருப்பதால், தொலைவில் தனியாக இருக்கும் 180 பேர் குடியிருப்பு தாய்க் கிராமத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதற்கு மையமே வராது. ஒன்றில் சேர்வது லாபம், இன்னொன்றில் பிரிவது லாபம். ஊர்க்காரர்கள் குடியிருப்புப் பட்டியலை எடுத்துப் பார்க்காமல் இருப்பது பெரிய குறை என்று தயங்காமல் சொல்லலாம்.

துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலையில் 3,000. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, மலையில் 20,000. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது தூரத்தை வைத்த அளவு.

பெரிய கிராமங்களுக்கு வேறு சங்கடம். மக்கள்தொகை 5,000, ஆண் முதன்மைப் பணியாளரில் 75% பேர் விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்றும் கூடினால் கணக்கெடுப்பு அந்த இடத்தை நகரமாக எழுதும். தமிழ்நாட்டில் இப்படி 2011-ல் 376 கணக்கெடுப்பு நகரங்கள். ஆனால் நிர்வாகத்தில் அது ஊராட்சியாகவே நீடிக்கும். தலைவர் அதே தலைவர், ஒன்றியம் அதே ஒன்றியம். கிராமப் பட்டியலில் ஊர் காணாமல் போனால் நகரப் பட்டியலிலும் தேட வேண்டும். ஊராட்சி உண்மையிலேயே பேரூராட்சியாகவோ மாநகராட்சியின் பகுதியாகவோ மாறுவது அரசாணையால். அப்போதுதான் ஊரக வேலைத் திட்டம் போகும், வரி விகிதம் மாறும். 2025 தொடக்கத்தில் இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்ததற்கு இதுதான் காரணம்.

விவரத்தைத் திரட்டும்போது

வேலையைப் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது. புதூர், புதுப்பட்டி, புதுப்பாளையம் என்ற பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கின்றன, ஒரே வட்டத்தில்கூட இரண்டு வரும். ஆங்கில எழுத்துக்கூட்டல் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ழகரம் மூன்று விதமாக எழுதப்படும். இணையவழிப் பட்டா சேவையில் மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்து, தெரிந்த ஒரு புல எண் எந்தக் கிராமத்தின் பெயரில் வருகிறது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். வருவாய் கிராமத்தின் பெயர் அப்போது நிச்சயமாகும். பிறகு கணக்கெடுப்புக் குறியீடு. 2011-ல் மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், தமிழ்நாடு 33. மாவட்டத்துக்கு மூன்று, வட்டத்துக்கு ஐந்து, கிராமத்துக்கு ஆறு இலக்கம். அந்த ஆறு இலக்க எண் இந்தியா முழுவதற்கும் ஒரே தொடர், ஒன்று மற்றொன்றுக்கு வராது. 8-ல் தொடங்கினால் அது நகரம். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறியீடு வேறு தொடர். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

மாவட்டப் பிரிப்பை மறக்கக் கூடாது. 2011-ல் 32 மாவட்டங்கள், இப்போது 38. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-ல் வந்தவை, மயிலாடுதுறை 2020-ல். கல்வராயன் மலைக் கிராமத்தின் 2011 எண்ணை விழுப்புரத்தின் கீழ்தான் தேட வேண்டும், சீர்காழிப் பக்கத்து ஊரை நாகப்பட்டினத்தின் கீழ். எண்ணைத் தரும்போது அன்றைய மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் சேர்த்து எழுதுவது படிப்பவருக்குப் பேருதவி.

பெயர் மாற்றமும் இனி தொடர்பை அறுக்கும். குடியிருப்புப் பெயர்களில் ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. செய்ய வேண்டிய காரியம்தான், நெடுநாள் தாமதமாக வந்தது. மாற்றும்போது பழைய பெயரும் குறியீடும் ஊராட்சிப் பதிவேட்டில் ஒரு பத்தியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தெருவின் பழைய வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் புதிய பெயரோடு ஒட்டாமல், அலைய வேண்டியது அங்கே குடியிருப்பவர்களாகவே இருக்கும்.

ஊராட்சியின் மொத்த எண் வேண்டுமென்றால் அதன் வருவாய் கிராமங்களைக் கூட்டலாம். ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்திருந்தால் கூட்டுவது தவறு. அப்போது ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் வார்டு வரையறைக்குத் தயாரித்த பட்டியலைக் கேட்க வேண்டும். அதில் ஊராட்சி வாரியாகப் பிரித்த எண் இருக்கும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு முன்

2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால் இன்றும் 2011 எண்ணே சட்டப்படியான கடைசிக் கிராம எண். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தலையெண்ணலுக்கு 2027 பிப்ரவரி என்று கால அளவு வகுக்கப்பட்டுள்ளது. கைபேசிச் செயலியில் பதிவு, விரும்பினால் குடும்பமே தன் விவரத்தைப் பதியும் வசதி, எல்லாச் சாதியினருக்குமான சாதிக் கணக்கு ஆகியவை புதியவை. நிர்வாக எல்லைகள் 2025 இறுதியோடு உறைந்துவிட்டன. அந்தத் தேதிக்குப் பிறகு ஓர் ஊராட்சி எங்கே இணைந்தாலும் எண்ணப்படுவது பழைய கோட்டின்படிதான்.

ஊர்ப்பக்கத்தில் செய்யக் கூடியவை சில உண்டு. குக்கிராமங்களின் முழுப் பட்டியலை, தோட்டத்து வீடுகளையும் ஒதுங்கிய மூன்று நான்கு வீடுகளையும் சேர்த்து, ஊராட்சிச் செயலரும் விஏஓவும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிக் கணக்கெடுப்பாளரிடம் கொடுக்கலாம். விடுபடும் வீடுகள் பெரும்பாலும் இரண்டு கிராமங்களின் எல்லையில் இருப்பவை, இவர் அவருடையது என்பார், அவர் இவருடையது என்பார். அந்த வீடுகள் நிற்கும் புல எண்ணைப் பார்த்தால் எந்தக் கிராமம் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சூளைக்குப் போகும் குடும்பங்கள் போன இடத்தில் தங்களை எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டும், சூளைக் கொட்டகையும் குடியிருப்பாகவே எழுதப்பட வேண்டியது. புதிய எண்கள் வெளிவந்ததும் பழையதோடு ஒப்பிடுபவர்கள், 2011-ன் ஆறு இலக்கக் குறியீட்டுக்குரிய பரப்பு அதே ஹெக்டேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். பரப்பு மாறியிருந்தால் வளர்ச்சி விகிதம் போடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, எந்தப் புல எண்கள் போயின, எவை வந்தன என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.